வேலையை விட்டு எழுதுவதா, வேலையோடு எழுதுவதா?

இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். முதல் நாவல் வெளிவந்த கையோடு வேலையை விட்டேன். பதினெட்டு மாதம் எழுத்தே கதி என்று இருந்துவிட்டு, மறுபடி ஓர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போது எழுதுவது காலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரை. ஆகவே நடுநிலை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம், என் ஓட்டு வேலையோடு எழுதுவதற்குத்தான்.

முழுநேர எழுத்தின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நேரம் கிடைக்கும், காட்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டாம். வாஸ்தவம்தான். ஆனால் கிடைத்த எட்டு மணி நேரத்தில் நான் உருப்படியாக எழுதியது இரண்டரை மணி நேரம். மிச்ச நேரத்தில் மேசையைத் துடைத்தேன், மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடினேன். இது என் சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம் என்பதால் வாதமாக வைக்கவில்லை.

புகழை வைத்து முடிவெடுக்கிறீர்கள் என்றால், இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1851ல் 'மோபி டிக்' நாவலை வெளியிட்டபோது எழுத்தை நம்பித்தான் குடும்பம் நடத்தினார். புத்தகம் போணியாகவில்லை. 1866ல் நியூயார்க் சுங்கத்துறையில் சேர்ந்து 19 வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1891ல் இறந்தார், ஊர் அவரைக் கொண்டாடத் தொடங்கியது 1920களில். காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தபடி, இரவில் எழுதினார். அவருடைய மூன்று நாவல்களும் அவர் இறந்த பிறகே அச்சேறின. புகழ் இரண்டு பேர் வீட்டுக்கும் வந்தது, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

அப்புறம் எதை வைத்துத்தான் முடிவெடுப்பது? என் அனுபவத்தில் ஒரே ஒரு விஷயம்: பணம் வரும் வேகம். எவ்வளவு வரும் என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். எப்போது வரும் என்று நானும் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்பினால் பதில் வரவே மாதக்கணக்காகும். சரி என்று சொன்னாலும் ஒப்பந்தம், திருத்தம், மெய்ப்பு (அச்சுப் பிழை பார்ப்பது), அட்டை என்று புத்தகம் கைக்கு வர ஒரு வருடம் ஓடிவிடும், சமயத்தில் இரண்டு. முன்பணம் தரும் பதிப்பகம் அமைந்தால் அதிர்ஷ்டம். அதையும் மொத்தமாகத் தருவது அபூர்வம். கையெழுத்திடும்போது ஒரு பங்கு, இறுதிப் பிரதியை ஒப்படைக்கும்போது ஒரு பங்கு, புத்தகம் வரும்போது ஒரு பங்கு. நடுவில் உங்களுக்காகப் பதிப்பகத்தோடு பேசும் ஏஜென்ட் இருந்தால் அவருக்கு வழக்கமாக 15 சதவீதம். உங்கள் ராயல்டி, அதாவது விற்கும் பிரதிகளின் விலையில் உங்களுக்குச் சேரும் பங்கு, அந்த முன்பணத்தைத் தாண்டும்வரை மேற்கொண்டு ஒன்றும் வராது. கணக்குப் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை. விற்காத பிரதிகளைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பலாம் என்பதால், அதற்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைப்பவர்களும் உண்டு.

எனக்கு வந்த முதல் கணக்குச் சீட்டு இன்னும் இருக்கிறது. விற்றவை 412, திரும்பியவை 67, நிகரம் 345. பத்து சதவீத ராயல்டி என்றால் முப்பத்து நாலரைப் புத்தகத்தின் விலை. அந்த வருடம் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக நானே காசு கொடுத்து வாங்கிய பிரதிகள் நாற்பது!

தொகை குறைவு என்பது என் புகார் இல்லை, அது தெரிந்துதான் இறங்கினேன். காத்திருப்பு கதைக்குள் புகுந்துவிடும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. பதிமூன்றாம் மாதம் சேமிப்பு கரைந்திருந்தது. இரண்டாவது நாவலின் முடிவில் ஒரு கிழவி யாரிடமும் சொல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவாள். "கொஞ்சம் நம்பிக்கையாக முடிக்கலாமே" என்றார் எடிட்டர். யோசித்துச் சொல்லுங்கள் என்றுதான் அவர் சொன்னார். நான் அன்று சாயங்காலமே கிழவியைத் திரும்ப அழைத்து வந்து திண்ணையில் உட்கார வைத்துவிட்டேன். பிரதியை ஒப்படைத்தால்தான் இரண்டாவது பங்கு வரும். அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்றுவரை நான் திரும்பப் படித்ததில்லை.

வேலைக்குப் போன பிறகு எழுதிய மூன்றாவது நாவலை இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. வருத்தம்தான். ஆனாலும் மறுநாள் குளித்துவிட்டு அலுவலகம் போனேன், ஒரு வரியையும் மாற்றவில்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. முதல் நாவலைப் பதினாலு மாதத்தில் முடித்த எனக்கு மூன்றாவதுக்கு நாலு வருடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. மாலையில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் மூளையில் அலுவலக மின்னஞ்சல்தான் ஓடும். காஃப்காவே தன் அலுவலகத்தைப் பற்றிப் புலம்பித் தீர்த்தவர்தான்.

மின்னூல் தளங்களில் வருடத்துக்கு மூன்று நாலு நாவல் போடுகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். அங்கே பணம் மாதாமாதம் வந்துவிடும் என்பதால் காத்திருப்பு அவ்வளவாகக் கடிக்காது. நான் அங்கே போட்டது ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு, அதை வைத்துப் பேச எனக்குத் தகுதி போதாது. வீட்டில் இன்னொருவர் சம்பளம் வருகிறது என்றாலும் கதை வேறு.

விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் ஆண்டனி டிராலப் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் மேசையில் உட்கார்ந்து நாவல் நாவலாக எழுதித் தள்ளியவர். அறுபது வயதுவரை இருந்தால் என்ன ஓய்வூதியம் கிடைக்குமோ, அந்த அளவு வருமானத்துக்குச் சேர்த்த பிறகே வேலையை விடுவது என்று தீர்மானித்து, அப்படியே 1867ல் விட்டார். அவர் சேர்ந்தது 1834ல். என் முப்பத்து நாலரைப் புத்தகத்தை வைத்து நானும் அந்தக் கணக்கைப் போட்டேன். அந்த நாள் வருவதற்குள் எனக்கு நிஜமாகவே ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.