பைத்தானிலிருந்து ஃபோர்ட்ரானை அழைக்க: எஃப்டூபையா, சிடைப்ஸா, சைதானா?

பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பையில் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கச் சொன்னால், அடியில் வேலை செய்வது நேரியல் இயற்கணித லைப்ரரியான லாபேக்கின் டிஜிஇஎஸ்வி என்ற ஃபோர்ட்ரான் சப்ரூட்டீன்தான். அது ரெடிமேடாகக் கிடைத்துவிடுவதால் கவலையில்லை. ஆய்வகத்தில் யாரோ என்றோ எழுதி வைத்த ஃபோர்ட்ரான் கோடைப் பைத்தானிலிருந்து அழைக்க வேண்டி வரும்போதுதான் எஃப்டூபை, சிடைப்ஸ், சைதான் என்ற மூன்று கருவிகளில் எந்த வழியில் போவது என்ற கேள்வி எழும். பலரும் வேகத்தை வைத்து ஒப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது வேறு: தப்பான வகையில் டேட்டாவை அனுப்பிவிட்டால், அதைச் சொல்ல அங்கே யாராவது இருக்கிறார்களா?

சிடைப்ஸ், பைத்தான் 2.5 பதிப்பிலிருந்து அதோடு சேர்ந்தே வருகிறது. லைப்ரரியை லோடு செய்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஆனால் அந்தப் பெயரிலேயே ஒரு சிக்கல்: ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் அதைச் சின்ன எழுத்தாக்கி, கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோரும் ஒட்டிவிடும். ஒற்றை எண்ணைக்கூட முகவரியாகத்தான் அனுப்ப வேண்டும். கேரக்டர் வகை ஆர்குமென்ட் இருந்தால், அதன் நீளமும் பட்டியலின் கடைசியில் மறைவாகப் போக வேண்டும். ஜிஃபோர்ட்ரான் அடங்கிய ஜிசிசி தொகுப்பின் 8-ஆம் பதிப்பு முதல், 64 பிட் கணினியில் அந்த நீளத்தைத் தாங்கும் எண் 8 பைட், அதற்கு முன் 4. லாபேக்கை 64 பிட் முழு எண்ணுக்குக் கம்பைல் செய்திருக்க, நாம் 32 பிட் எண்ணின் முகவரியைக் கொடுத்தால், பக்கத்து 4 பைட்டையும் சேர்த்து வாசித்துவிடும். இதில் எதற்கும் சிடைப்ஸ் வாய் திறக்காது. செக்மென்டேஷன் ஃபால்ட் வந்து ப்ரோகிராம் நின்றால் பிழைத்தோம்; நம்பும்படியான தப்பு விடை வந்தால்தான் ஆபத்து.

எஃப்டூபை பியரு பீட்டர்சன் தொடங்கியது, இப்போது நம்பையின் அங்கம். ஃபோர்ட்ரான் கோடையே படித்து, பைத்தானுக்கு ஏற்ற உறையை, அதாவது இடையில் நின்று அழைப்பை மாற்றித் தரும் கோடை, தானே எழுதிக்கொள்ளும். அளவைச் சொல்லும் ஆர்குமென்ட்களை அதுவே நிரப்பும். டிஜிஇஎஸ்வியின் எட்டு ஆர்குமென்ட்களில், நம்பையின் மேல் கட்டிய அறிவியல் லைப்ரரியான சைபையின் உறையில் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியவை இரண்டாகச் சுருங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பழைய ஃபோர்ட்ரான் 77 கோடுக்கு இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் இதிலும் இரண்டு குழிகள் உண்டு. நம்பை அணியை நிரை நிரையாக நினைவகத்தில் வைக்கும். ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக எதிர்பார்க்கும். வரிசை பொருந்தாவிட்டால் எஃப்டூபை சத்தமில்லாமல் ஒரு நகல் எடுக்கும். 10,000 × 10,000 டபுள் அணி என்றால் கூடுதலாக 800 எம்பி. அதைவிட மோசம், இன்டென்ட் (உள்ளீடா, வெளியீடா என்ற அறிவிப்பு) குறிப்பிடாத ஆர்குமென்ட்டை எஃப்டூபை உள்ளீடாகவே கொள்ளும். சப்ரூட்டீன் அந்த அணியில் விடையை எழுதினால் அது நகலில் போய் விழும். நம் கையில் இருப்பது பழைய அணிதான். அதே கோடுக்கு ஃபோர்ட்ரான் வரிசை அணியைக் கொடுத்துப் பாருங்கள், ஒழுங்காக ஓடும்.

இரண்டாவது, கைண்ட், அதாவது எண்ணின் துல்லிய அளவு. 8 பைட் டபுளைக் குறிக்கும் 'டிபி' என்ற பெயர் வேறு மாட்யூலில் இருந்து, எஃப்டூபையால் அதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், 4 பைட் ஃப்ளோட் என்று எடுத்துக்கொள்ளும். பில்டு ஓடும்போது ஒரு வரி எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். அந்த வரியை யார் படிக்கிறார்கள்? எந்தக் கைண்ட் எந்த வகை என்று சொல்லும் மேப்பிங் ஃபைலில் ஒரு வரி எழுதினால் இது தீரும்.

சைதான், பைத்தான் போன்ற கோடைச் சி மொழிக்கு மாற்றிக் கம்பைல் செய்யும் மொழி; அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சின்னச் சின்ன அணிகளை வைத்து லூப்புக்குள் லட்சக்கணக்கான தடவை அழைக்கிறீர்கள் என்றால் அதுதான் சரி. சைபை தன் லாபேக் சப்ரூட்டீன்களைச் சைதானுக்கென்றே திறந்து வைத்திருக்கிறது; பைத்தானைத் தொடாமல் நேரே கூப்பிடலாம். பெரிய அணி ஒன்றை ஒரு தடவை தீர்ப்பதற்கு இந்தச் சிரமம் வீண்.

பழைய கோடு என்றால் நான் எஃப்டூபையைத்தான் எடுப்பேன், எல்லா ஆர்குமென்ட்டுக்கும் இன்டென்ட் எழுதிவிட்டு. புதிதாக எழுதும் ஃபோர்ட்ரான் என்றால் சிடைப்ஸ். ஃபோர்ட்ரான் 2003-இல் சி மொழியோடு இணைக்க வந்த சி பைண்டிங் வசதியால் பெயரையும் வகையையும் நாமே உறுதி செய்யலாம். அணியைச் சரிபார்க்கும் நம்பையின் என்டிபாயின்டரைச் சேர்த்தால், வகையோ வரிசையோ பொருந்தாத அணி உள்ளேயே போகாது. அழைப்பின்போது, ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை ஓடவிடும் பைத்தானின் பூட்டான ஜிஐஎல்லையும் சிடைப்ஸ் தானே விட்டுவிடும். எஃப்டூபையில் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எதை எடுத்தாலும் முதல் டெஸ்டுக்குச் சமச்சீர் அணி வேண்டாம். நிரையும் நிரலும் இடம் மாறினாலும் அது அதே அணிதான், குழப்பம் தெரியவே தெரியாது.