வைட்டமின் சி: மாத்திரையா, டிரிப்ஸா?

புற்றுநோய் மருந்துச் சீட்டோடு அடையாறு மருந்துக் கடைக்கு வருபவர்களில் சிலர், புற்றுநோயை அடக்கும் என்று நம்பி, மென்று தின்னும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையையும் ஓர் அட்டை வாங்கிக்கொள்கிறார்கள். எத்தனை தின்றாலும் குடல் ஓரளவுக்கு மேல் அதை உறிஞ்சாது. உறிஞ்சியதில் மிகுந்ததையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். புற்றுநோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வாய்வழியே கொடுத்து அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 1979, 1985ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் பலன் தெரியவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை.

டிரிப்ஸ் வழியே நேராக இரத்தத்தில் செலுத்தும்போது, மாத்திரையால் எட்டவே முடியாத செறிவு கிடைக்கிறது. கேராஸ் மரபணு மாற்றமடைந்த பெருங்குடல் புற்றணுக்கள் செட்டுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்துக்கு மசிவதில்லை. ஆனால், அவை சர்க்கரையை அள்ளி விழுங்குகிற குளூட்1 என்னும் அதே வாயில் வழியாக, ஆக்சிஜனேற்றமடைந்த வைட்டமின் சி உள்ளே புகுந்து அவற்றின் ஆற்றல் உற்பத்தியை முடக்குவதை 2015இல் வெளியான ஆய்வு, ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களிலும் எலிகளிலும் காட்டியது. மனிதர்களுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை.

ஆபத்தும் டிரிப்ஸில்தான் அதிகம். ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆகாது. மாத்திரை வாங்குவோரும், போர்டெசோமிப் என்னும் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களாயின், மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. அம்மருந்தின் வீரியத்தை வைட்டமின் சி குறைக்கக்கூடும்.