பிற கேலக்ஸிகளின் விண்மீன் கொத்துகள்: ஒளியிழையா, பிளவா, படநிறமாலையா?

எம்87 கேலக்ஸி சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, அதைச் சுற்றி 10,000க்கும் மேலான கோளக் கொத்துகள் (பந்து போல நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டங்கள்) உண்டு. ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான விண்மீன்கள். ஆனால் அப்படி ஒரு கொத்தின் பாதி ஒளி வருவது வெறும் 10 ஒளியாண்டு ஆரத்துக்குள் இருந்து, அவ்வளவு தூரத்தில் அது 0.04 ஆர்க்விநாடி (பாகையில் 60இல் ஒரு பங்கு ஆர்க்நிமிடம், அதில் 60இல் ஒரு பங்கு ஆர்க்விநாடி). நம் காற்று மண்டலம் எந்தப் புள்ளியையும் வழக்கமாக 0.7 ஆர்க்விநாடி அளவுக்குக் கலக்கிவிடும். ஆகவே தரையிலிருந்து பார்த்தால் லட்சம் விண்மீன்களும் சேர்ந்து ஒரே ஒரு மங்கிய பொட்டு. அந்தப் பொட்டின் ஒளியைப் பிரித்துத்தான் அதன் வயது, உலோக அளவு (வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களும் உலோகம்தான்), வேகம் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கருவியால் பிரிப்பது என்பதில்தான் போட்டியே.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம்: நிறமாலை, அதாவது அலைநீளம் வாரியாகப் பிரித்த ஒளி, எதற்கு, வண்ண வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களே போதாதா? எண்ணிக்கையில் படங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் ஒரு கொத்து சிவப்பாகத் தெரிய இரண்டு காரணங்கள் உண்டு, வயது கூடியிருக்கலாம், இல்லை உலோகம் கூடியிருக்கலாம். 1994இல் வானியலாளர் கை வொர்தி இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: வயதை 3 மடங்கு மாற்றுவதும் உலோகத்தை 2 மடங்கு மாற்றுவதும் வண்ணத்தில் கிட்டத்தட்ட ஒரே விளைவைத்தான் தரும். இன்னொரு பெரிய விவாதமும் இதோடு சேர்ந்ததுதான். பல கேலக்ஸிகளில் கொத்துகள் நீலம், சிவப்பு என இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன, அது உண்மையிலேயே இரண்டு உலோகக் கூட்டமா, அல்லது வண்ணத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாததால் வரும் தோற்றமா என்று 2006இல் கேள்வி எழுந்தது. 2012இல் என்ஜிசி 3115 கேலக்ஸியின் 71 கொத்துகளில், கால்சியம் ஒளியை உறிஞ்சுவதால் நிறமாலையில் விழும் கோடுகளை அளந்தபோது உலோக அளவிலும் இரண்டு கூட்டம் தெரிந்தது. படங்களை மட்டும் வைத்து எவ்வளவு வாதாடினாலும் அந்த ஒரு கேலக்ஸிக்குக்கூட விடை கிடைத்திருக்காது. என்னைக் கேட்டால் படம் என்பது எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான், முடிவு சொல்ல அல்ல.

சரி, இப்போது கருவிகள்.

ஒளியிழை முறைக்கு நல்ல உதாரணம் எம்எம்டி 6.5 மீட்டர் தொலைநோக்கியில் உள்ள ஹெக்டோஸ்பெக். 300 இழைகள், ஒவ்வொன்றும் ஒரு பொருளின் ஒளியை நிறமாலைக் கருவிக்குக் கொண்டுபோகும், வானில் 1 பாகை அகலமுள்ள வட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆண்ட்ரோமேடா வானில் 3 பாகை நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது, அதற்கு இதைவிடப் பொருத்தமான கருவியை யோசிப்பது கடினம். பழைய பட்டியல்களில் கொத்து என்று எழுதப்பட்டிருந்த பலவும் வெறும் விண்மீன் அல்லது பின்னணியில் இருக்கும் கேலக்ஸி என்று களையெடுத்தது இந்த வகை நிறமாலைகள்தான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எம்87இன் கொத்துகள் நம்மை விட்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,300 கிமீ வேகத்தில் விலகுவதால் நம் பால்வெளியின் விண்மீன்கள் அவற்றோடு பெரும்பாலும் குழம்பாது. ஆண்ட்ரோமேடாவோ நம்மை நோக்கி 300 கிமீ வேகத்தில் வருகிறது, அந்த வேகத்தில் பால்வெளி விண்மீன்களும் இருக்கும், எனவே வேகம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது.

ஒளியிழையின் பலவீனம் பின்னணி. கொத்து தனியாக வருவதே இல்லை, அது இருக்கும் கேலக்ஸியின் ஒளியும் நம் வானத்தின் ஒளியும் சேர்ந்துதான் இழைக்குள் நுழைகின்றன. கழிக்க வேண்டிய பின்னணியை வேறொரு இடத்தில் வைத்த இழையில் இருந்து எடுக்க வேண்டும். கேலக்ஸியின் வெளிப்பகுதியில் இது பெரிய விஷயமில்லை. நடுவில், ஒளி அடிக்கு அடி மாறும் இடத்தில், பக்கத்து இழை சொல்லும் பின்னணி உங்கள் கொத்தின் பின்னணியே இல்லை. தவறாகக் கழித்தால் கேலக்ஸியின் கோடுகள் கொத்தின் கோடுகளாக உட்கார்ந்துகொள்ளும், கொத்துக்கு இல்லாத உலோகம் இருப்பதாகத் தெரியும்.

பிளவு முறை இங்கேதான் முந்துகிறது. ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் 2002இல் பொருத்திய டெய்மோஸ் கருவியில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னப் பிளவுகளை வெட்டி வைப்பார்கள். ஒவ்வொரு பிளவும் சில ஆர்க்விநாடி நீளம், நடுவில் கொத்து, மேலும் கீழும் வெறும் வானம். அதே பிளவில், அதே நேரத்தில், கொத்துக்கு ஒட்டியே பின்னணி கிடைத்துவிடும். கால்சியத்தின் மூன்று கோடுகள், 8,498, 8,542, 8,662 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீள அளவு), இருக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நம் காற்றின் ஓஎச் மூலக்கூறுகள் வரிசையாகப் பளிச்சென்று ஒளிர்கின்றன, கழிப்பதற்கு முந்தைய படத்தில் பிளவின் குறுக்கே ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடுகளாகத் தெரியும், அவற்றுக்கு நடுவே நூல் போல ஓடும் கொத்தின் ஒளியைத் தேட வேண்டியிருக்கும். வானத்தை நன்றாகக் கழித்தபின் அந்த மூன்று பள்ளங்களும் மேலே வருவதைப் பார்ப்பது தனி நிம்மதி. குறை என்னவென்றால் தகடு வெட்டும் முன்பே எந்தெந்தக் கொத்து என்று சொல்லிவிட வேண்டும், இரண்டு கொத்து நெருக்கமாக இருந்தால் ஒன்றை விட்டுவிட வேண்டும்.

படநிறமாலை இந்தத் தொல்லையை அடியோடு நீக்குகிறது. சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் மியூஸ் கருவி 1 ஆர்க்நிமிடச் சதுரத்தை 0.2 ஆர்க்விநாடிக் கட்டங்களாக்கி ஒரே நேரத்தில் சுமார் 90,000 நிறமாலைகள் எடுக்கிறது. எது கொத்து என்று முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை, பின்னணிக்கு கொத்தைச் சுற்றி வளையம் போட்டு எடுத்துக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் வளையத்தை மாற்றிப் போடலாம். ஃபோர்னாக்ஸ் என்ற கேலக்ஸிக் கூட்டத்தின் 32 கேலக்ஸிகளில் இப்படி 722 கொத்துகளின் வேகம் அளக்கப்பட்டிருக்கிறது, பலவும் கேலக்ஸியின் பிரகாசமான உட்பகுதியில் இருப்பவை. ஆனால் எம்87 தூரத்தில் 1 ஆர்க்நிமிடம் என்பது ஏறத்தாழ 16,000 ஒளியாண்டுதான், கொத்துகளோ லட்சக்கணக்கான ஒளியாண்டு வரை சிதறிக் கிடக்கின்றன. அப்புறம் நீலப் பக்கம். 4,650 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே மியூஸுக்குக் கண் தெரியாது, வயதுக்கு உதவும் ஹைட்ரஜன் கோடுகளில் 4,861இல் உள்ள பீட்டா மட்டும் மிஞ்சும், 4,340இல் உள்ள காமாவும் 4,102இல் உள்ள டெல்டாவும் போய்விடும்.

பிளவையும் படநிறமாலையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் என்ஜிசி 1052-டிஎஃப்2 என்ற மங்கிய கேலக்ஸி. 2018இல் கெக் கருவிகளைக் கொண்டு இதன் 10 கொத்துகளின் வேகத்தை அளந்து, அவை ஒன்றுக்கொன்று இவ்வளவு சேர்ந்து நகர்வதால் ஒளிராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் கரும்பொருள் அங்கே இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு என்று பீட்டர் வான் டோக்கம் குழு அறிவித்தது. பிறகு அந்தப் பத்தில் ஒரு கொத்தின் வேகம் திருத்தப்பட்டது. பத்து புள்ளிகளில் ஒன்று நகர்ந்தாலே சிதறல் எண், அதாவது வேகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு, நகரும், விவாதம் அதிலேயே சூடுபிடித்தது. அடுத்த ஆண்டு மியூஸ், கேலக்ஸியின் சொந்த விண்மீன்களின் சிதறலை விநாடிக்கு 10.8 கிமீ என்றது, கெக்கின் இன்னொரு படநிறமாலைக் கருவி 8.5 கிமீ என்றது. பிழை எல்லைக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் மியூஸின் பிரிதிறன் (அடுத்தடுத்த அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் கூர்மை) சிவப்பு முனையிலேயே சுமார் 3,500தான், அதாவது ஒரு கோட்டின் அகலமே 85 கிமீ. அந்த அகலத்துக்குள் 10 கிமீயைத் தேடுவது எனக்குக் கலக்கம் தருகிறது, இங்கே நான் கூர்மையான பிரிதிறன் பக்கம்தான்.

கூர்மை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஆண்ட்ரோமேடாவில் உள்ள ஆர்பிசி எக்ஸ்ட்8 என்ற கொத்து சாட்சி. 2020இல் கெக்கின் கூர்மையான பிரிதிறன் கொண்ட ஹைரெஸ் கருவியால் எடுத்த நிறமாலையில் அதன் இரும்பு சூரியனில் உள்ளதைப்போல சுமார் 800இல் ஒரு பங்குதான் என்று தெரியவந்தது. இவ்வளவு குறைந்த உலோகத்தில் இவ்வளவு பெரிய கொத்து இருக்க முடியாது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். மலிவான நிறமாலையில் இரும்புக் கோடுகள் இரைச்சலுக்குள் மறைந்து 'உலோகம் குறைவு' என்பதோடு நின்றிருக்கும். ஆனால் இதையே எம்87க்குக் கேட்காதீர்கள், அதே கொத்தை அங்கே வைத்தால் 450 மடங்கு மங்கிவிடும்.

எடுத்த நிறமாலையை எப்படிப் படிப்பது என்பதிலும் இரண்டு கட்சி. சில கோடுகளின் ஆழத்தை மட்டும் அளக்கும் பழைய லிக் குறியீட்டு முறை ஒன்று, முழு நிறமாலையையும் மாதிரிகளோடு பொருத்துவது இன்னொன்று. முழுப் பொருத்தம் மங்கிய தரவிலும் விடை தரும், அதனால்தான் இன்று எல்லோரும் அதற்குப் போகிறார்கள். ஆனாலும் ஹைட்ரஜன் பீட்டா பள்ளத்தை முதலில் கண்ணால் பாருங்கள். கிடைமட்டக் கிளையில், அதாவது மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் முதிய விண்மீன்களின் கட்டத்தில், சூடான நீல விண்மீன்கள் நிறைய இருந்தால் அந்தப் பள்ளம் ஆழமாகி, 1,200 கோடி ஆண்டுக் கிழக் கொத்து பாதி வயதுக்காரனாகத் தெரியும். மாதிரியில் அந்த விண்மீன்கள் சேர்க்கப்படவில்லை என்றால் மென்பொருள் சின்னப் பிழை எல்லையோடு அந்தத் தவறான வயதையே அச்சிட்டுத் தரும்.