கியோட்டோவில் ஒரு பிற்பகல்: எந்தக் கான்கிரீட்டைப் பார்ப்பது?

மூன்றாவது நாள், இன்னொரு கோயில் என்றாலே கால் மறுக்கும். அந்தப் பிற்பகலை நவீனக் கட்டடங்களுக்குக் கொடுக்கலாம். போட்டியில் மூன்று; மூன்றும் கரசுமா சுரங்க ரயில் பாதையிலேயே இருப்பது வசதி.

முதலாவது, நாம் வந்திறங்கும் கியோட்டோ ரயில் நிலையமே. ஹிரோஷி ஹாரா வடிவமைத்து 1997இல் திறக்கப்பட்டது. நீளம் 470 மீட்டர், உயரம் 60 மீட்டர். பழைய நகரத்துக்குப் பொருந்தாத பூதம் என்று அன்று கடும் எதிர்ப்பு. வெளியே நின்று பார்த்தால் எதிர்த்தவர்கள் சொன்னது சரிதான் என்று தோன்றும். உள்ளே போனதும் கட்சி மாறிவிடுவோம். 171 படிகள் மலைச்சரிவு போல மொட்டைமாடி வரை ஏறுகின்றன. பக்கத்திலேயே நகரும் படிக்கட்டு உண்டு. ஆனாலும் படிகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. டிக்கெட்டும் வேண்டாம்.

பாதையின் வடக்கு முனையில், தகராகைகே குளக்கரையில் சர்வதேச மாநாட்டு மண்டபம். சச்சியோ ஓத்தானியின் 1966ஆம் ஆண்டுப் படைப்பு. புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ உடன்படிக்கை நிறைவேறியது இங்கேதான். நேராக நிற்கும் சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாம் சரிவகம், தலைகீழ்ச் சரிவகம். மூன்றில் கம்பீரம் இதற்குத்தான். ஆனால் மாநாட்டு மண்டபம் ஆயிற்றே, நினைத்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். அக்கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

அதற்கு இரண்டு நிறுத்தம் முன்பாக, கிதயாமா நிலையத்தை ஒட்டி, கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோவின் ஓவியத் தோட்டம் (1994). கட்டணம் 100 யென். கூரை கிடையாது. கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே சாய்வுப் பாதையில் தரைமட்டத்துக்குக் கீழே இறங்குகிறோம். சுவரில் வழியும் அருவியின் ஓசை சாலை இரைச்சலை விழுங்கிவிடுகிறது. பீங்கான் தகடுகளில் எட்டு ஓவியங்கள், எல்லாம் நகல்கள். நகலைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிகள் சுவரில் இல்லை, தண்ணீருக்கடியில் படுத்திருக்கின்றன. காற்றடித்தால் நீர் சிலிர்க்கிறது, பூவும் கூடவே அசைகிறது. திரும்பினால் மைக்கேலாஞ்சலோவின் 'இறுதித் தீர்ப்பு', ஏறக்குறைய அசல் அளவில். திருப்பம் வரும்வரை அடுத்த காட்சியை ஒளித்துவைப்பது கியோட்டோவின் பழைய தோட்டக்காரர்களின் வித்தை. அதை ஒரு பூச்செடி இல்லாமல் செய்திருக்கிறார் ஆண்டோ.

என் ஓட்டு இதற்கே. ஒரு மணி நேரம் போதும். எப்படியும் ரயில் நிலையம் வழியாகத்தான் திரும்பப்போகிறீர்கள். அந்த 171 படிகளை இருட்டிய பிறகு ஏறிக்கொள்ளலாம்.