கேசட்டில் கிடந்த கோச்சி விசில்: பென்ட்ரைவில் ஏற்றித் தரும் ஒரு கடையைப் பற்றி

மட்டக்களப்பு டவுணுக்குள் பழைய கேசட்டுகளை பென்ட்ரைவில் ஏற்றித் தரும் சின்னக் கடை ஒன்றில் போன மாதம் ஒரு கேசட் கொடுத்தேன். கேசட் ஒன்றுக்கு 1500 ரூபாய், நாலு நாளில் கிடைத்தது. நல்ல வேலை, நம்பிப் போகலாம். ஆனால் கொடுக்கும்போதே ஒன்று சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கேசட்டில் இருந்தது பாட்டு இல்லை. கரிக் கோச்சியில் (நீராவி ரயிலில்) அடுப்புக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருந்த அப்பா, 1988 இல் மாமா ரெக்கோர்டரை முன்னால் வைத்து "அத்தான், ஒவ்வொன்றாய் ஊதுங்க" என்று கேட்க, வாயாலேயே ஊதிக் காட்டிய விசில்கள். முதலில் கிடைத்த ஃபைலில் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவு. அம்மா கேட்டுவிட்டு, "இது டீசல் கோச்சியெல்லோ" என்றா.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது, விசிலின் தலையே இல்லை. டீசலின் ஹோர்ன் அமுக்கிய காற்றில் ஊதுவது, எடுத்த எடுப்பிலேயே முழுச் சத்தமும் வந்துவிடும். நீராவி விசில் அப்படியில்லை. குளிர்ந்து கிடக்கும் குழாயில் முதலில் தண்ணீர்தான் தெறிக்கும், 'ஸ்ஸ்' என்று ஈரமாக ஒரு சீறல், அதற்குப் பிறகு ஆவி ஒடுங்கிய வளைய இடுக்கால் பாய்ந்து மேலே கவிழ்ந்திருக்கும் மணி போன்ற குழலின் விளிம்பில் மோத, கூவல் கீழேயிருந்து மெல்ல ஏறி வரும். மணி நீளமென்றால் சத்தம் தடிப்பு, குட்டையென்றால் கீச்சு. அப்பா நாக்கைப் பல்லில் வைத்து அந்தச் சீறலையும் விடாமல் ஊதியிருந்தார். கடைத் தம்பியின் கம்ப்யூட்டர் அதையும் கேசட் இரைச்சலோடு சேர்த்து வெட்டிவிட்டது.

திரும்பப் போய்ச் சொன்னேன். தம்பி ஹெட்ஃபோன் போட்டு இரண்டு தரம் கேட்டார். "அண்ணன், நான் இரைச்சல் எண்டு நினைச்சிட்டன்" என்று சொல்லி, அங்கேயே இருந்து, எதையும் வெட்டாமல் புதிதாக ஏற்றித் தந்தார், காசும் வாங்கவில்லை. இந்தப் பொறுமைக்காகவே அடுத்த கேசட்டும் அங்கேதான் கொடுப்பேன்.

புதிய ஃபைலில் கேசட் உரசல் நிறைய இருக்கிறது, இருக்கட்டும். மூன்றாவது விசில், சீறலில் தொடங்கி நீளமாக இழுத்து, கடைசியில் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். அம்மா வாழைச்சேனையில் வளர்ந்தவ, கோச்சியும் பஸ்ஸும் ஒரே பாலத்தில் போன காலம் அது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, "ஓட்டமாவடிப் பாலம்" என்றா.

அதனால், 'இரைச்சல் எடுக்க வேண்டாம்' என்று ஒரு துண்டில் எழுதி கேசட் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள். துப்புரவாக்கிய பிரதியும் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்கலாம்.