சைட்டில் நம் தரப்பு ஆள்: கட்டியபோது 14 மாதம், குடியிருந்து 4 ஆண்டு

வீடு கட்டிக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேலை நடந்த 14 மாதங்களும் எங்கள் தரப்பில் சைட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு சிவில் இன்ஜினியரைத் தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தோம். காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர் இருக்கிறார், ஆர்க்கிடெக்ட்டும் அவ்வப்போது வந்து பார்க்கிறார், மூன்றாவதாக ஒருவர் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. எங்கள் வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வி இருந்தது. குடிவந்த புதிதில் எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் எழுதியிருப்பேன். நான்கு மழைக்காலமும் ஓர் ஒழுகலும் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

காண்ட்ராக்டரின் இன்ஜினியருக்குச் சம்பளம் கொடுப்பவர் காண்ட்ராக்டர். வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் அவர் கவலை, அதில் தப்பில்லை. ஆர்க்கிடெக்ட் வரும் நாளில் எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதைத்தான் அவரால் பார்க்க முடியும். ஆனால் கட்டட வேலையில் எல்லாமே மூடப்படுகிற வேலை. கம்பியைக் கான்கிரீட் மூடிவிடும், பைப்பைப் பூச்சு மூடிவிடும், வாட்டர்ப்ரூஃபிங்கை டைல்ஸ் மூடிவிடும். மூடப்போகிற அந்த நேரத்தில் நமக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் அங்கே நிற்க வேண்டும். நாங்கள் சம்பளம் கொடுத்தது அதற்குத்தான்.

மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளைச் சொல்கிறேன். எட்டு மணிக்குக் கலவை லாரி வருவதாக ஏற்பாடு. எங்கள் இன்ஜினியர் ஆறு மணிக்கே டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். கம்பி பலகையைத் தொடாமல் இருக்க அடியில் வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் இல்லாத இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொருகச் சொன்னார். பிறகு பால்கனிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். சுவரைத் தாண்டி நாலடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம் அது. அதற்குக் கீழே தாங்கல் கிடையாது என்பதால் இழுவிசை மேல்பக்கம்தான் வரும், முக்கியமான கம்பியும் மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். முந்தின நாள் எலக்ட்ரிக்கல் ஆட்கள் பைப் போட அதன்மேல் நடந்து நடந்து கம்பி கீழே அமுங்கிப் போயிருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தார்: ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது.

கம்பி கட்டுகிற பையனைக் கூப்பிட்டு, “தம்பி, இந்தக் கம்பி ஏன் மேல இருக்கணும்னு யாராவது சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். ஒரு ஸ்கேலின் ஒரு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, மறுமுனையைக் கீழே வளைத்து, மேல்பக்கம் எப்படி இழுபடுகிறது என்று காட்டினார். ஐந்து அங்குலத் தளத்தில் மேல்கம்பி ஒன்றரை அங்குலம் இறங்கினால் தாங்குகிற வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும் என்பதை நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். காண்ட்ராக்டர் போனில் சத்தம் போட்டார். லாரி இன்னும் கிளம்பவில்லை என்பதால் நேரத்தைத் தள்ளிவைக்க முடிந்தது. மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்க வளைத்த கம்பித் துண்டை ‘சேர்’ என்பார்கள்; அதை அடியில் வைத்துத் தூக்கி, நடப்பதற்குப் பலகை போட்டு, பத்தரைக்குத்தான் கான்கிரீட் இறங்கியது.

அன்றே இன்னொன்றும் நடந்தது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஒருவர் லாரியில் ஹோஸ் தண்ணீர் விடப் போனார். விடக்கூடாது என்று எங்கள் இன்ஜினியர் தடுத்தார். கலவை எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று பார்க்கும் ஸ்லம்ப் சோதனையைச் செய்து பார்த்தால் கேட்டிருந்த அளவில்தான் இருந்தது. கூடுதல் தண்ணீர் வேலையைச் சுலபமாக்கும், வலுவைக் குறைக்கும். வலுவைச் சோதிக்க அதே கலவையில் ஆறு கியூப் (கான்கிரீட் கட்டி) எடுத்து, மூன்றை 7ஆம் நாளும் மூன்றை 28ஆம் நாளும் உடைத்துப் பார்த்த ரிப்போர்ட் இன்றும் ஃபைலில் இருக்கிறது.

தளத்தைவிட அவரை நாங்கள் நன்றியோடு நினைத்துக்கொள்வது பில்லுக்காக. ஒவ்வொரு பில்லுக்கும் முன்னால் காண்ட்ராக்டர் ஆளோடு சேர்ந்து நின்று அளந்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். பூச்சு வேலையில் கதவு, ஜன்னல் இடத்தை எப்படிக் கழிப்பது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. முதல் பில்லில் கழிக்காமல்தான் வந்தது, சண்டை இல்லாமல் திருத்தினார்கள். எக்ஸ்ட்ரா வேலை எதுவானாலும் செய்வதற்கு முன்பு ஒரு பக்கம் எழுதி, தொகையும் நாளும் போட்டு, எங்கள் கையெழுத்து வாங்கினால்தான் செல்லும். கடைசிக் கணக்கு ஒரே உட்காரலில் முடிந்தது. குறை வந்தால் சரிசெய்ய வேண்டும் என்பதற்காகப் பில்லில் பிடித்துவைத்த 5 சதவீதத்தை ஓராண்டு கழித்துக் கொடுத்தபோதும் இருதரப்பிலும் மனக்கசப்பு இல்லை.

குறைகளும் உண்டு. அவர் சிவில்காரர். மின்வேலையில் எர்த்திங், எந்தச் சர்க்யூட்டில் எவ்வளவு லோடு என்ற பிரிப்பு எல்லாம் மேலோட்டமாகத்தான் பார்த்தார். இரண்டு ஏசி ஒரே சர்க்யூட்டில் வந்துவிட்டதைக் குடிவந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். ஒரே ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியது எங்கள் தவறு. இரண்டு கட்டத்தில் மட்டும் ஓர் எலக்ட்ரிக்கல் ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் ஆர்க்கிடெக்ட்டோடு அவருக்கு ஒத்துப்போகவும் இல்லை. வரைபடத்தை மாற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நினைத்தார். இல்லை, மாற்றம் வேண்டும் என்றால் சொல்லலாம், முடிவு ஆர்க்கிடெக்ட்டுடையது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சரியானது.

நாங்களும் ஒழுங்காக இருந்தோம் என்று சொல்ல முடியாது. ஒருநாள் நானே மேஸ்திரியிடம் ஜன்னலை ஓரடி தள்ளச் சொல்லிவிட்டேன். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலை ஏற்கெனவே போட்டிருந்தார்கள். உடைத்துப் போட வேண்டியதாயிற்று, அந்த எக்ஸ்ட்ரா எங்கள் தலையில்தான் விழுந்தது. சொல்வது எல்லாம் ஒருவர் வழியாகவே போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு அதை முதலில் மீறியது நான்.

சம்பளத்தை மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேச வேண்டாம் என்பது என் கருத்து. செலவு ஏறினால் அவர் வருமானமும் ஏறும். அவர் நேர்மையானவராக இருந்தாலும் நமக்கு அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். நாங்கள் கட்டம் கட்டமாக ஒரு தொகை பேசினோம், வேலை இழுத்தாலும் இதற்குமேல் இல்லை என்று ஒரு வரம்பும் வைத்தோம். தினமும் சைட்டுக்குப் போக முடிந்து, கம்பியும் கலவையும் தெரிந்தவராக இருந்தால் உங்களுக்கு இப்படி ஒருவர் தேவையில்லை. அவரை வைத்ததால் காண்ட்ராக்டரின் பொறுப்பு ஒரு துளியும் குறையாது என்பதையும் இரண்டு ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.

இனி அந்த ஒழுகல். மாடிக் குளியலறையில் வாட்டர்ப்ரூஃபிங் முடித்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்பது அவர் வைத்த விதி. அந்த வாரம் அவர் வீட்டில் ஒரு துக்கம், மூன்று நாள் வரவில்லை. டைல்ஸ் ஆட்கள் வந்து நிற்கிறார்கள், விட்டால் அடுத்த மாதம்தான் என்று போன் வந்தது. ஒட்டச் சொல்லிவிட்டேன். அவர் திரும்பி வந்து பார்த்து எதுவும் பேசவில்லை, டைரியில் மட்டும் தேதியோடு எழுதினார்: “சோதனை நடக்கவில்லை. உரிமையாளர் அனுமதி.” தான் இல்லாத நாளில் யார் பார்ப்பது என்று அவரும் ஏற்பாடு செய்யவில்லை, நாங்களும் ஒப்பந்தத்தில் கேட்டிருக்கவில்லை. இரண்டாவது ஆண்டில் கீழே கூடத்துச் சீலிங்கில் தட்டு அளவுக்கு ஈரம் படர்ந்தது.

போன ஆண்டு அந்தக் குளியலறையை உடைத்துத் திரும்பச் செய்தோம். எங்கே உடைக்க வேண்டும் என்பதற்கு அவர் பூச்சுக்கு முன்பு டேப் வைத்து எடுத்திருந்த போட்டோக்கள்தான் வழி காட்டின. ஒரு பைப்கூட அடிபடவில்லை. நாலு நாள் வேலைக்கு அவரையே திரும்பக் கூப்பிட்டோம். அடைப்பான் வைத்துத் தண்ணீர் நிரப்பியதும் சுவரில் தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஒரு வாளியிலும் தண்ணீர் நிரப்பி, அதிலும் ஒரு கோடு போட்டு, பக்கத்திலேயே வைத்தார். காற்றில் ஆவியாவது எவ்வளவு என்று தெரிந்தால்தானே இறங்குவது எவ்வளவு என்று தெரியும். இரண்டு நாள் கழித்து இரண்டு கோடுகளையும் ஸ்கேல் வைத்து நானே அளந்தேன். இரண்டிலும் ஒரே அளவுதான் குறைந்திருந்தது. அதன் பிறகே டைல்ஸ் பெட்டியைப் பிரிக்கச் சொன்னோம்.