தோட்டத்து அந்துப்பூச்சிக்கு எந்தப் பழைய கேமரா?

2002-இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 4500, 4 மெகாபிக்சல். 2005-இல் வந்த கேனான் ஈஓஎஸ் 350டி, 8 மெகாபிக்சல். என்னிடம் இருக்கும் இந்த இரண்டில் அந்துப்பூச்சி எடுக்க எது என்று கேட்டால், பகலுக்குக் கூல்பிக்ஸ், ராத்திரிக்கு 350டி என்பேன். மெகாபிக்சல் கணக்கு இதில் பெரிய விஷயமே இல்லை.

காலையில் வாசல் விளக்குக்குக் கீழே சுவரிலும், செடிகளில் இலைக்கு அடியிலும் பூச்சி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கூல்பிக்ஸின் உடம்பு நடுவில் முறுக்கிக்கொள்ளக்கூடியது. லென்ஸ் இருக்கும் பாதியை மேலே திருப்பி இலைக்கு அடியில் நுழைத்துவிட்டால், நாம் லேசாகக் குனிந்து திரையைப் பார்த்தே எடுத்துவிடலாம். 350டியில் லைவ் வியூ, அதாவது எடுக்கும் முன்பே காட்சியைத் திரையில் காட்டும் வசதி, கிடையாது, அதே படத்துக்கு மண்ணில் படுத்துக் கண்ணை வ்யூஃபைண்டரில் வைக்க வேண்டும். கூல்பிக்ஸ் 2 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும், ஒளியைப் பதியும் சென்சார் சின்னது என்பதால் உணர்கொம்பு நுனி முதல் இறக்கை ஓரம் வரை ஓரளவு தெளிவாகவே விழும். ஆனால் அவ்வளவு நெருங்கினால் கேமராவின் நிழலே பூச்சிமேல் விழுந்துவிடும். கொஞ்சம் பின்வாங்கி, மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும். முக்காலியில் வைத்து செல்ஃப் டைமர் போடுவது இன்னும் நல்லது.

ராத்திரி கதையே வேறு. கொடியில் பழைய வெள்ளை வேட்டி, முன்னால் ஒரு விளக்கு. அரளி இலையைத் தின்று வளரும் அந்தப் பச்சைப் பருந்து அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் பாருங்கள்: பறக்கும் முன் தசையைச் சூடேற்ற இறக்கையை அதிரவிடும், பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த கோடுகள் கலங்கித் தெரியும். அதை உறையவைக்க ஃபிளாஷ்தான் வழி. 350டியில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/11, ஷட்டர் 1/200 நொடி, தனி ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பர். பேப்பர் இல்லாமல் அடித்தால் இறக்கைச் செதில்கள் வெளுத்துப்போய் விவரமே மிஞ்சாது. இருட்டில் ஆட்டோஃபோகஸை நம்பாமல் மேனுவலில் வைத்து, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, கண் துல்லியமாகத் தெரியும் கணத்தில் அழுத்துங்கள்.

லென்ஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். இறக்கை விரித்தால் 9, 10 செ.மீ. இருக்கும் இதுபோன்ற பெரிய பூச்சிக்கு 350டியோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸே போதும், 28 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும். ஒரு செ.மீ.கூட இல்லாத குட்டிப் பூச்சிகள்மேல் ஆசை வந்த பிறகு மிக நெருங்கி எடுப்பதற்கான 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 350டி. அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை ராத்திரியில்தான் நடமாடும், அந்த நேரத்துக் கேமராதான் அதிகம் உழைக்கும்.

அப்புறம், எடுத்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரியவிட்டால், துணியில் ஒட்டியிருப்பதையெல்லாம் கரிச்சானும் மைனாவும் வந்து கொத்திக்கொண்டு போய்விடும்.